ஒரு கடத்தைக் கேட்டு எடுப்பது: பல்லூடகக் கதை செய்யும் முழுமையான வழிகாட்டி

கையில் செல்போன் இருக்கிறது, அதில் நல்ல கேமராவும் இருக்கிறது, எடுத்துப் போட வேண்டியதுதானே என்று ஆரம்பிப்பவர்களில் பலர் முதல் வீடியோவில் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். படம் பளிச்சென்று இருக்கும், பேசுவது காதில் விழாது. மங்கலான படத்தைப் பார்க்கிறவர் பொறுத்துக்கொள்வார். புரியாத பேச்சைப் பத்து நொடிகூடப் பொறுக்கமாட்டார், விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அதனால் என்னிடம் கற்றுக்கொள்ள வருபவர்களை முதல் வாரம் கேமராவைத் தொட விடுவதில்லை. காதைப் பழக்கச் சொல்கிறேன். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகும்.

வெறும் விதியாகச் சொன்னால் மனதில் நிற்காது. நான் மூன்று நிமிட வீடியோவும் படங்களோடு ஒரு கட்டுரையுமாகச் செய்த ஒரு கதையையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். மானாமதுரையில் கடம் செய்யும் ஒரு அம்மாவின் கதை அது.

விஷயம் வேறு, கதை வேறு

மானாமதுரை, சிவகங்கை மாவட்டத்தில் வைகைக் கரையில் இருக்கும் ஊர். மண்பாண்டத்துக்குப் பேர் போனது. 2023-இல் அந்த மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கச்சேரி மேடையில் வாசிக்கும் கடம் இங்கே செய்யப்படுகிறது. கனத்த உடம்பும் கணீரென்ற நாதமும் கொண்ட அதை 'மானாமதுரைக் கடம்' என்றே தனியாகச் சொல்வார்கள்.

இவ்வளவும் தெரிந்துகொண்டால் உங்களிடம் இருப்பது ஒரு விஷயம். அது இன்னும் கதை ஆகவில்லை. கதை ஆக வேண்டுமென்றால் ஒரு ஆள் வேண்டும், அவருக்கு ஏதோ ஒன்று தேவைப்பட வேண்டும், அது கிடைக்குமா கிடைக்காதா என்ற சந்தேகம் வேண்டும்.

கடத்தில் அந்தச் சந்தேகம் தானாகவே இருக்கிறது. மிருதங்கமாக இருந்தால் வாரை இறுக்கி, விளிம்பில் தட்டிச் சுருதி சேர்த்துக்கொள்ளலாம். கடத்தில் அது நடக்காது. சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஐந்து கட்டைக்கு ஒரு கடம், ஐந்தரைக் கட்டைக்கு வேறு கடம். சுருதி பானையோடு சேர்ந்தே பிறக்க வேண்டும். சக்கரத்தில் வனைந்து, ஓரளவு காய்ந்ததும் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் ஆயிரக்கணக்கில் தட்டி, நிழலில் உலர்த்தி, சூளையில் வேகவைத்து, ஆறிய பிறகு விரலால் தட்டிப் பார்க்கும்போதுதான் அது என்ன கடம் என்று தெரியும். அதுவரை செய்தவருக்கே நிச்சயம் கிடையாது.

அப்புறம் நான் நோட்டில் எழுதிக்கொண்ட வரி இது: "இந்தச் சூளையிலிருந்து வரும் கடங்களில் எத்தனை சுருதி சேரும் என்று காத்திருக்கிறார் ஒரு அம்மா." நீங்களும் உங்கள் கதையை இப்படி ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். வரியில் ஆளும் காத்திருப்பும் இல்லையென்றால் கேமராவை எடுக்காதீர்கள், இன்னும் தேடுங்கள். டீக்கடை, தையல் கடை, பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடம் என்று எதை எடுத்தாலும் இந்தச் சோதனை பொருந்தும்.

முதல் நாள் கேமரா வேண்டாம்

நோட்டும் பேனாவும் மட்டும் கொண்டு போங்கள். அன்றைக்கு மூன்று வேலை. முதலாவது, எந்த வேலை எந்த நேரத்தில் நடக்கிறது என்று கேட்டு எழுதுவது. சூளை பிரிக்கும் நாள் தெரியாமல் போனால் கதையின் முடிவே கையில் சிக்காது. இரண்டாவது, ஒலிகளின் பட்டியல். கண்ணை மூடிப் பத்து நிமிடம் உட்காருங்கள். பலகை தட்டும் சத்தம், மண்ணை மிதிக்கும் சத்தம், சக்கரம் சுழல்வது, பக்கத்து வீட்டு மோட்டார், தெருவில் மீன்காரர் குரல் என்று எது எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எதைப் பதிவு செய்ய வேண்டும், எந்த நேரத்தில் பதிவு செய்யக்கூடாது என்ற இரண்டும் இந்தப் பட்டியலிலிருந்தே தெரிந்துவிடும்.

மூன்றாவது, சம்மதம். "வீடியோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டுத் தலையாட்டியதும் ஆரம்பிப்பது சம்மதம் ஆகாது. எங்கே போடப் போகிறீர்கள், யாரெல்லாம் பார்ப்பார்கள், அதில் உங்களுக்குப் பணம் வருமா, பிடிக்கவில்லை என்றால் நீக்கச் சொல்லலாமா என்பதையெல்லாம் அவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள். சொன்ன பிறகு அவர் சரி என்பதை, கேமரா கொண்டு போகும் நாளில் ஒரு சிறிய கிளிப்பாகப் பதிந்து வையுங்கள். குழந்தைகள் படத்தில் வந்தால் பெற்றோரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

எதை எந்த வடிவத்தில் சொல்வது

பல்லூடகம் என்றால் ஒரே விஷயத்தை எழுத்திலும் படத்திலும் வீடியோவிலும் மூன்று முறை சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொரு வடிவத்துக்கும் அதனால் மட்டும் முடிகிற வேலையைக் கொடுப்பதுதான் பல்லூடகம்.

கடம் கதையில் நான் பிரித்தது இப்படி. கையின் அசைவு வீடியோவுக்கு, ஏனென்றால் உள்ளே கல்லும் வெளியே பலகையும் ஒரே நேரத்தில் சந்திப்பதை எழுத்தில் எவ்வளவு விளக்கினாலும் பிடிபடாது. சுருதி சேர்ந்த கடத்துக்கும் சேராத கடத்துக்கும் உள்ள வித்தியாசம் வெறும் ஒலிக்கு. கட்டுரையின் நடுவே இரண்டு சிறிய ஆடியோ துண்டுகள், அவ்வளவுதான். பச்சை மண்ணிலிருந்து வெந்த கடம் வரை நிறம் மாறுவது புகைப்படத்துக்கு. கண்மாய் மண்ணின் கணக்கு, விலை, புவிசார் குறியீடு, குடும்ப வரலாறு எல்லாம் எழுத்துக்கு. இந்த எண்களை வீடியோவில் பேச வைத்தால் வீடியோ செத்துவிடும்.

இப்படிப் பிரித்துச் செய்வதைப் பார்த்துப் பழக ஆசைப்பட்டால் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய பாரி (PARI) இணையதளத்தைப் படியுங்கள். கிராமத்து இந்தியாவின் வேலைகளையும் மனிதர்களையும் எழுத்து, படம், ஒலி, காணொளி என்று ஆவணப்படுத்துகிறார்கள். தமிழிலும் வருகிறது. ஒரு கட்டுரையை எடுத்து, இது ஏன் படமாக இருக்கிறது, இது ஏன் எழுத்தாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். அதுவே நல்ல பாடம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

செல்போன், சின்ன டிரைபாட், காலர் மைக், வயர் உள்ள ஹெட்போன், பவர் பேங்க், லென்ஸ் துடைக்க ஒரு பருத்தித் துணி. இவ்வளவு போதும். காசு கொஞ்சமாக இருந்தால் முதலில் மைக் வாங்குங்கள். வயர் உள்ள சாதாரண காலர் மைக் ஆயிரம் ரூபாய் அளவிலேயே கிடைக்கும், செல்போனில் உள்ள மைக்கைவிட எவ்வளவோ மேல். கிம்பல், டிரோன் எல்லாம் இப்போது வேண்டாம். போனை ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள். நல்ல பேச்சின் நடுவே போன் அடித்தால் அந்தப் பேச்சு திரும்ப வராது.

ஒலியைப் பிடிப்பது

பேசுகிறவரின் மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் மைக் இருக்கட்டும். புடவையிலோ துண்டிலோ உரசாமல் குத்துங்கள். கழுத்துச் சங்கிலியும் மைக்கில் தட்டும், அதையும் பாருங்கள். மின்விசிறியை அணைக்கச் சொல்ல வெட்கப்படாதீர்கள். ஹெட்போனைக் காதில் மாட்டாமல் ரெக்கார்டிங் பட்டனை அழுத்தவே கூடாது. நம் காது வேண்டாத சத்தத்தைத் தானாக ஒதுக்கிவிடும், மைக் எதையும் ஒதுக்காது. ஹெட்போன் போட்டால்தான் மைக் கேட்பது உங்களுக்கும் கேட்கும்.

பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் வரும்படி ஒலிப்பதிவின் அளவை வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி உடைந்துவிடும், எடிட்டிங்கில் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. பேச்சுக்கு வைத்த அளவிலேயே கடத்தைத் தட்டச் சொன்னால் முதல் தட்டிலேயே உடையும். அதனால் கருவியின் ஒலியை அளவைக் குறைத்துத் தனியாக எடுக்க வேண்டும்.

இங்கே நான் பட்ட ஒரு அடியைச் சொல்ல வேண்டும். வயர்லெஸ் மைக்கில் இரைச்சலைக் குறைக்கும் பட்டனை ஆன் செய்து வைத்திருந்தேன். அந்த அம்மா கடத்தைத் தட்டினார். நேரில் கேட்கும்போது 'ணங்' என்று எழுந்து, மெல்லத் தேய்ந்து, கடைசியில் ஒரு இழை மாதிரி நின்றது. வீட்டுக்கு வந்து கேட்டால் 'ணக்' என்று மட்டும் இருக்கிறது. பேச்சு அல்லாத எல்லாவற்றையும் இரைச்சல் என்று எண்ணி அந்த மைக், தட்டிய பிறகு நீளும் கார்வையை அறுத்துப் போட்டுவிட்டது. அன்றைக்கு ஹெட்போன் பையிலேயே இருந்தது. 40 கிலோமீட்டர் திரும்பப் போய் மறுபடி எடுத்தேன். ஒரு பொருளின் நாதம்தான் கதை என்றால் அந்தப் பட்டன் எப்போதும் ஆஃப்.

கிளம்பும் முன் இன்னொன்று. எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதியுங்கள். இதை ரூம் டோன் என்பார்கள். எடிட்டிங்கில் இரண்டு பேச்சுத் துண்டுகளை ஒட்டும்போது நடுவில் விழும் பள்ளத்தை நிரப்ப இது இல்லாமல் முடியாது.

பைட் வாங்குவது

டிவிக்காரர்கள் பேட்டித் துண்டை 'பைட்' என்பார்கள். நல்ல பைட் கேள்வியில்தான் இருக்கிறது. "உங்க தொழில் கஷ்டமாம்மா?" என்று கேட்டால் "ஆமா தம்பி" என்று முடிந்துவிடும். "போன சூளையைப் பிரிச்சப்ப என்னம்மா ஆச்சு?" என்று கேளுங்கள். நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும். கருத்தைக் கேட்டால் கருத்து வரும், கருத்தில் படம் இருக்காது.

உங்கள் கேள்வி எடிட்டிங்கில் வெட்டப்படும். அதனால் பதிலைக் கேள்வியோடு சேர்த்துச் சொல்லும்படி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பேசும்போது 'உம்', 'ஓஹோ' என்று சத்தம் போடாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். பேசி முடித்த பிறகும் நான்கைந்து நொடி சும்மா இருங்கள். நான் அப்படிச் சும்மா இருந்தபோதுதான் அந்த அம்மா பலகையைக் கீழே வைத்துவிட்டு, "எது சேரும்னு கைக்குத் தெரியும் தம்பி, வாயால சொல்ல வராது" என்றார். அதுவரை அரை மணி நேரம் பேசியதில் எனக்குக் கிடைக்காத வரி அது.

படம்: கையிலிருந்து ஆரம்பியுங்கள்

எந்த வேலையையும் ஐந்து ஷாட்டில் சொல்லிவிடலாம். முதலில் கை மட்டும், நெருக்கமாக. அடுத்து முகம். பிறகு ஆளும் இடமும் சேர்ந்த அகலமான ஷாட். அப்புறம் தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் பார்ப்பது நமக்கும் தெரியும்படி. கடைசியாக எதிர்பாராத ஒரு கோணம். தரையில் போனை வைத்துப் பானையின் வாய்வழியாக நான் எடுத்தது அப்படித்தான். ஒவ்வொரு ஷாட்டிலும் பத்து நொடி அசையாமல் நில்லுங்கள், மனதுக்குள் எண்ணுங்கள். போனை இடமும் வலமும் ஆட்டுவதும் ஜூம் செய்வதும் வேண்டாம். கிட்டே வேண்டுமென்றால் நடந்து கிட்டே போங்கள்.

வெளிச்சத்துக்கு ஜன்னலும் வாசல் திண்ணையும் போதும். ஆள் முகம் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும், முதுகு பார்க்கக்கூடாது. திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் அவர் கையை வீசும்போதெல்லாம் படம் இருண்டும் வெளுத்தும் போகும்.

நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். பல போன்கள் நொடிக்கு 30 பிரேம் என்று வைத்து வருகின்றன. இரண்டும் ஒத்துப்போகாததால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 25 பிரேம், ஷட்டர் நொடியில் 50-இல் ஒரு பங்கு (1/50) என்று வைத்தால் நின்றுவிடும். ஐபோனில் வீடியோ செட்டிங்கில் 'பால்' (PAL) வடிவங்களைக் காட்டச் சொன்னால் 25 பிரேம் வரும். இல்லையென்றால் இலவசமான பிளாக்மேஜிக் கேமரா செயலியில், உங்கள் போன் அதற்கு ஒத்துழைத்தால், இரண்டையும் கையால் வைக்கலாம்.

புகைப்படத்துக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். படத்தில் ஏற்கெனவே தெரிவதைப் படக்குறிப்பில் எழுதாதீர்கள். 'கடத்தைத் தட்டும் பெண்' என்பது படத்திலேயே இருக்கிறது. 'இன்னும் இரண்டு நாள் தட்டிய பிறகே இது நிழலுக்குப் போகும்' என்பது படத்தில் இல்லை. அதை எழுதுங்கள்.

அன்று இரவே செய்ய வேண்டியது

அலுப்பாக இருக்கும், ஆனாலும் தூங்கும் முன் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். ஒன்று கணினி அல்லது ஹார்டு டிஸ்க், இன்னொன்று இணைய சேமிப்பு. பிறகு எல்லாக் கிளிப்பையும் ஒரு தடவை ஓட்டி, எந்த நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். மனம் நெகிழ்ந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். பத்து நாள் கழித்துப் பார்க்கும்போது அந்த முதல் உணர்வு இருக்காது, நட்சத்திரம் இருக்கும்.

எடிட்: முதலில் காது, பிறகு கண்

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். கணினி பழையதாக இருந்தால் கேடென்லைவ், போனிலேயே செய்வதென்றால் கைன்மாஸ்டர். எது கையில் இருக்கிறதோ அதைக் கற்றுக்கொள்ளுங்கள், வேலையின் வரிசை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

முதலில் பைட்டுகளை எழுதி, தாளில் வெட்டி, தரையில் பரப்பி வரிசைப்படுத்துங்கள். நடக்கப் போவது என்ன என்ற கேள்வி மேலே, பதில் கீழே. நடுவில் இருப்பது எல்லாம் அந்தக் கேள்வியை இறுக்க வேண்டும். இறுக்காததை எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகான ஷாட்டாக இருந்தாலும்.

பிறகு டைம்லைனில் படத்தைப் பற்றி யோசிக்காமல் ஒலியை மட்டும் அடுக்குங்கள். அடுக்கியதை வானொலி நிகழ்ச்சி மாதிரி ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். கண்ணை மூடிக் கேட்டே அவருக்குக் கதை புரிந்தால் பாதி வேலை முடிந்தது. நான் முதலில் அடுக்கியபோது ஊர் அறிமுகத்தில் ஆரம்பித்திருந்தேன். கேட்ட நண்பர் முப்பதாவது நொடியில் போனைத் தேடினார். அதைத் தூக்கிவிட்டு, இருட்டுத் திரையில் பலகை தட்டும் சத்தத்தை நான்கு நொடி ஓடவிட்டு, அதன் மேல் "எது சேரும்னு கைக்குத் தெரியும்" என்ற குரலை வைத்தேன். முகம் அதற்குப் பிறகுதான் வந்தது. அடுத்த தடவை அவர் கடைசிவரை அசையவில்லை.

அடுத்த ஷாட்டின் ஒலி முன்னதாகவே நுழைந்து, படம் பின்னால் வருவதை ஜே-கட் என்பார்கள். படம் மாறிய பிறகும் பழைய ஒலி கொஞ்சம் ஓடினால் அது எல்-கட். இந்த இரண்டையும் பழகினாலே துண்டு துண்டாகத் தெரியும் வீடியோ ஓட ஆரம்பிக்கும். டிரான்சிஷன் என்று பக்கம் புரளுவதும் சுழலுவதும் தேவையே இல்லை.

இசையைக் கடைசியாக யோசியுங்கள், வேண்டுமா என்பதையும் சேர்த்து. சினிமாப் பாட்டைப் போட்டால் பதிப்புரிமைக் கோரல் வரும், வீடியோவின் வருமானம் போகலாம், முடங்கவும் கூடும். யூட்யூபின் ஆடியோ நூலகத்தில் அனுமதியோடு கிடைக்கும் இசை உண்டு. கடம் கதையில் நான் இசையே வைக்கவில்லை. அந்தப் பானை இருக்கும்போது வேறு எதற்கு?

திரையில் தமிழ்

இதில் சிக்காதவர் கிடையாது. 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளிவட்டம் என்று வந்து நிற்கும். எழுத்துரு யூனிகோடாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், தெளிவாகவும் இருக்கும். பழைய பாமினி வகை எழுத்துருக்களில் அடித்ததை ஒட்டினால் குப்பையாகத்தான் வரும். அடோபி பிரீமியர் எடிட்டிங் மென்பொருள் வைத்திருப்பவர்கள் விருப்பத்தேர்வுகளில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றினால் கொம்புகள் இடத்துக்கு வந்துவிடும்.

தமிழ்ப் பேச்சுக்கும் தமிழில் சப்டைட்டில் போடுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்கள் நிறைய, காது கேளாதவர்களும் பார்க்கிறார்கள். வட்டார வழக்கை எழுத்துத் தமிழாகத் திருத்தாதீர்கள். 'பிரிச்சப்ப' என்று சொன்னவர் 'பிரித்தபோது' என்று சொல்லவில்லை. ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், தமிழ்ச் சொற்கள் நீளம், வாசிக்க நேரம் எடுக்கும்.

போடுவதற்கு முன்

நீளமான வீடியோவுக்குப் படுக்கைவாட்டம், ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் நெடுவாட்டம். ஒன்றை வெட்டி இன்னொன்று செய்தால் கையும் முகமும் சட்டத்துக்கு வெளியே போய்விடும். முக்கியமான நான்கைந்து ஷாட்டை எடுக்கும்போதே இரண்டு விதமாகவும் எடுத்துவிடுங்கள்.

முடித்ததும் யாருடைய கதையோ அவரிடம் முதலில் காட்டுங்கள். பெயர், உறவுமுறை, வேலையின் வரிசை எல்லாவற்றையும் அவரைவிடச் சரியாகப் பார்ப்பவர் இல்லை. நான் மானாமதுரைக்குப் போய், அந்த அம்மா வீட்டுத் திண்ணையில் போனைச் சுவரில் சாய்த்து வைத்து ஓட்டினேன். பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது நிமிடத்தில் சூளையிலிருந்து எடுத்த கடத்தை அவர் தட்டும் ஷாட். படம் நன்றாக வந்திருந்தது, ஒலி அவ்வளவு தெளிவாக இல்லை. அதனால் பிறகு தனியாகப் பதிந்த வேறொரு கடத்தின் ஒலியை அந்தப் படத்தின் மேல் வைத்திருந்தேன்.

அவர் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"இது அந்தக் கடம் இல்லையே தம்பி. அது அஞ்சு கட்டை. இது ஏறி நிக்குதே."

மறுபடி ஓட்டினேன். பேரன் சிரித்தான், அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் அந்த ஐந்து கட்டைக் கடத்தையே தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். நின்றதும் நான் ஹெட்போனை மாட்டி, அளவைக் குறைத்து, தலையாட்டினேன். அவர் தட்டினார்.